எரியும் நேரமும் உலை கொதிக்கும் நேரமும்

நான் ஒருமுறை பொய்யான அறிக்கை ஒன்றை எழுதிக் கையெழுத்திட்டேன். அந்த ஒரு பக்கத்தால் ஒரு பெண்ணுக்கு வரவேண்டிய நிரந்தர வேலை வராமல் போயிற்று. தவறு என்னுடையது, பழி அவர்மேல் விழுந்தது. பெரிய சமையற்கூடங்களில் மேற்பார்வையாளர்களாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் பணி அனுபவங்களை எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். பெருமையாகச் சொல்ல எனக்கு நிறைய உண்டு. ஆனால் இதை மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் அதுவும் இன்னொரு பொய் அறிக்கையாகிவிடும். அதனால் இதிலிருந்தே தொடங்குகிறேன்.

நெய்வேலியில் விறகடுப்பா என்று நீங்கள் கேட்கலாம். எழுபதுகளில் எங்களையும் பலர் அப்படித்தான் கேட்டுச் சிரித்தார்கள். காலடியில் பூமி முழுக்கப் பழுப்பு நிலக்கரி கிடந்தது. அதைத் தோண்டுகிறவர்களுக்குச் சோறு வெந்ததோ முந்திரிக் கட்டையிலும் சவுக்கிலும். தோண்டியெடுத்த நிலக்கரியில் ஈரம் அதிகம். அடுப்பில் போட்டால் புகையும், பொடிந்து கொட்டும், சோற்றிலும் நாற்றம் ஏறும். எரிவாயு எங்கள் கேன்டீனுக்கு வர இன்னும் பல வருடங்கள் இருந்தன. அதனால் ஷிப்டுக்கு ஷிப்டு ஐந்து பெரிய அடுப்புகள் விறகில்தான் எரிந்தன.

நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். வேதியியல் படித்துவிட்டு நிலக்கரியின் ஈரத்தையும் சாம்பலையும் அளக்கும் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கேன்டீன் சாப்பாட்டைப் பற்றி அடிக்கடி புகார் எழுதுவேன். நாலாவது புகாருக்குப் பதிலாக என்னையே அந்தக் கேன்டீனுக்கு மேற்பார்வையாளராகப் போட்டுவிட்டார்கள். "நீங்களே வந்து கொட்டிக் கிளறுங்க சார்" என்று மாஸ்டர் வரவேற்றார். கும்பகோணத்துக்காரர், நல்ல சமையல்காரர். ஆனால் அந்தச் சமையற்கூடத்தை உண்மையில் நடத்தியவர் அவரல்ல என்பது எனக்கு ஒரு வாரத்தில் தெரிந்தது.

நடத்தியவர் அடுப்பு பார்த்த பெண்மணி. கம்மாபுரத்திலிருந்து வருவார். எங்கள் நகரியத்தில் எல்லோரும் எங்கிருந்தோ வந்தவர்கள் என்பதால் ஊர்ப் பெயரே பாதிப் பேருக்குப் பெயராக இருந்தது. அவரும் எல்லோருக்கும் கம்மாபுரத்தக்கா. நிலமில்லாத கூலிக் குடும்பம். கேன்டீன் கட்டிய நாளிலிருந்து கான்ட்ராக்டில் இருந்தார். அவர் பெயரை எழுத வேண்டாம் என்று அவரே சொல்லியிருக்கிறார், அதனால் இங்கேயும் அப்படியே அழைக்கிறேன்.

ஐந்து அடுப்பையும் அவர் ஒருவர்தான் பார்ப்பார். உலை ஏறும்போது முந்திரியும் சவுக்கும். பருப்பு வேகும் அடுப்பில் வேலிக்காத்தான் கட்டை. சோறு தம்மில் இருக்கும்போது புளியங்கட்டையின் தணல் மட்டும். எந்தக் கட்டையை எப்போது உள்ளே தள்ளுவது, எப்போது வெளியே இழுப்பது என்று அவர் யாரையும் கேட்டதில்லை, கடிகாரத்தையும் பார்த்ததில்லை. மாஸ்டர் கரண்டியில் பருப்பை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் அந்த அடுப்பு தணிந்திருக்கும். நான் என் வாழ்நாளில் பார்த்த திறமைகளில் அது ஒன்று.

அந்தத் திறமையைப் பார்த்த எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இதில் முறை இல்லை, இதை முறைப்படுத்த வேண்டும் என்று தோன்றியது. எனக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை.

ஆய்வகத்திலிருந்து தராசையும் நிறுத்துக் கடிகாரத்தையும் இரவல் வாங்கினேன். சவுக்கு, முந்திரி, வேலிக்காத்தான், தைலமரம், புளி என ஐந்து விறகையும் விரல் பருமனில் பிளந்து, ஆய்வகத்து உலர்த்தும் பெட்டியில் வைத்துக் காயவிட்டேன். ஒவ்வொன்றிலும் சம எடை எடுத்து ஒரு சின்ன அடுப்பில் எரித்து, தீப்பிடித்ததிலிருந்து தணல் சாம்பல் பூக்கும்வரை நேரம் குறித்தேன். தைலமரம் குப்பென்று எரிந்து சீக்கிரம் அடங்கியது. முந்திரி படபடவென்று வெடித்து எரிந்தது. சவுக்கு ஒரே சீராக நின்றது. வேலிக்காத்தான் அதைவிட நேரம் பிடித்தது. எல்லாவற்றையும் விடப் புளிதான் நீண்டு நின்றது. கட்டம் போட்ட தாளில் வரைபடமாகப் போட்டு, சமையற்கூடச் சுவரில் மாட்டினேன். காய் நறுக்குகிற பெண்கள் அதற்கு ஜாதகம் என்று பெயர் வைத்தார்கள். சார் புளியமரத்துக்கு ஜாதகம் எழுதியிருக்கிறார், ஆயுசு கெட்டியாம் என்று அவர்கள் பேசிச் சிரித்தது என் காதில் விழுந்தது. நான் பொருட்படுத்தவில்லை.

கம்மாபுரத்தக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து அந்தத் தாளின் முன் நின்றார். எந்தக் கோடு எந்த மரம் என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு சொன்னார்:

"எவ்ளோ நேரம் எரிஞ்சிதுன்னு எழுதியிருக்கீங்க சார். எவ்ளோ நேரத்துல ஒல கொதிச்சிதுன்னு எங்க எழுதியிருக்கீங்க?"

என் பரிசோதனையில் இருந்த ஓட்டை முழுவதும் அந்தக் கேள்வியில் இருந்தது. நீண்ட நேரம் எரியும் கட்டை தன் சூட்டை மெல்ல மெல்லத்தான் தரும். பருப்புக்கும் தம்முக்கும் அது வரம். ஆனால் ஒரு அண்டாத் தண்ணீரைக் கொதிக்க வைக்க, சூட்டை ஒரே மூச்சில் தருகிற கட்டை வேண்டும். அவர் கேட்டது அதுதான். வேதியியல் படித்த எனக்கு அது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. படிக்காத பெண் வரைபடத்தைக் கேள்வி கேட்கிறாள் என்பதுதான் உறைத்தது.

அந்தச் சமயத்தில் பண்ருட்டிச் சாலையை அகலப்படுத்தப் புளிய மரங்களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். இனி எல்லா அடுப்புக்கும் புளிதான் என்று முடிவு செய்து லாரி லாரியாக இறக்கினேன். இருந்த முந்திரியையும் சவுக்கையும், இடம் அடைக்கிறது என்று சொல்லி, வேறொரு கேன்டீனுக்கு அனுப்பிவிட்டேன். அது ஐப்பசி மாதம்.

இறக்கிய உருட்டுக் கட்டைகளில் ஒன்றை இன்னொன்றால் தட்டிப் பார்த்தார் அக்கா. காய்ந்த கட்டை கணீரென்று கேட்கும். இது மொத்தென்று கேட்டது.

"மேல காஞ்சிருக்கு, உள்ள தண்ணி கெடக்குது சார்" என்றார். "இத மட்டும் வச்சிகினு ஒல வைக்க முடியாதுங்க. முந்திரி ஒரு வண்டியாவது திருப்பி எறக்குங்க."

உனக்குப் பழக்கமில்லை, பழகினால் சரியாகிவிடும் என்றேன். அப்போது அவரை நான் ஒருமையில்தான் பேசுவேன். அவர் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஈரத்தை அளப்பதையே தொழிலாகச் செய்தவன், அந்தக் கட்டையில் ஒரு துண்டைப் பிளந்துகூடப் பார்க்கவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். பிளந்து பார்த்தால் அவர் சொன்னது சரியாகிவிடுமோ என்ற பயமாகத்தான் அது இருந்திருக்க வேண்டும்.

இரண்டே நாளில் விடிந்தது அந்தக் காலை. இரவெல்லாம் கொட்டிய மழையில் சுரங்கத்தின் அடித்தட்டில் தண்ணீர் ஏறிவிட்டது. பம்ப் செக்‌ஷன் ஆட்கள் ஷிப்டு முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள். அடுத்த ஷிப்டும் அவர்களோடு இறங்கியது. காலை ஏழு மணிக்குத் தொலைபேசி வந்தது. எல்லோருக்கும் பத்து மணிக்குள் சோறு சுரங்கத்துக்கு வந்துவிட வேண்டும். வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் முன்னால், வழக்கத்தைவிட இரண்டு மடங்கு ஆட்களுக்கு.

ஐந்து அடுப்பிலும் புளியங்கட்டை புகைந்தது. நுனியில் நுரை தள்ளியது. அக்கா தென்னை மட்டையும் பன்னாடையும் திணித்து ஊதிப் பார்த்தார். எட்டு மணிக்கும் தண்ணீரில் கை வைத்தால் பொறுக்கிற சூடுதான். மாஸ்டர் அரிசியைக் களைந்து வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது அக்கா என்னிடம் வந்தார். கண்கள் புகையில் சிவந்திருந்தன.

"ஸ்டோர்ஸ் பின்னாடி பொட்டிங்க கெடக்குதே சார், மிசினு வந்த பொட்டி. நாலு பொட்டிய ஒடைச்சாப் போதும். அது மேல இந்தப் புளிய வச்சா புடிச்சிக்கும்."

வெளிநாட்டு இயந்திரங்களின் உதிரிப் பாகங்கள் வந்த பைன் மரப் பெட்டிகள் அவை. லேசான மரம், எலும்பாகக் காய்ந்தது, மேற்கூரைக்கு அடியில் அடுக்கிக் கிடந்தது. அதைவிடச் சரியான யோசனையை அந்தக் காலையில் யாரும் சொல்லியிருக்க முடியாது. ஆனால் ஸ்டோர்ஸ் பொருள் ஒவ்வொன்றும் பதிவேட்டில் இருந்தது. பழம் பெட்டியே ஆனாலும் கழித்துக் கட்டும் உத்தரவு வராமல் தொடக்கூடாது. நகரியத்தில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பயம் புரியும். சுரங்கத்தில் தண்ணீர் ஏறினால் யாரும் உங்களைக் கேட்க மாட்டார்கள். ஒரு பெட்டி குறைந்தால் பத்து வருடம் கழித்தும் கேட்பார்கள்.

"அது கம்பெனி சாமான்" என்றேன். "ஆடிட்டுக்கு யார் பதில் சொல்றது?"

"தண்ணியில நிக்கறவங்களுக்கு யாரு சார் பதில் சொல்றது?"

நான் மண்ணெண்ணெய் டின்னைக் கொண்டுவரச் சொன்னேன். கட்டைமேல் ஊற்றியதும் தீ எழுந்தது, ஊற்றியது தீர்ந்ததும் தீயும் அடங்கியது. மீண்டும் ஊற்றினேன். ஒன்பது மணிக்குத் தண்ணீர் ஓரத்தில் முத்துவிடத் தொடங்கியது. அரிசியைப் போடுங்கள் என்றேன். இன்னும் கொதி வரவில்லை, இப்போது போட்டால் மேலே குழைந்து உள்ளே அரிசியாக நிற்கும் என்று அக்கா சொன்னார். மாஸ்டரும் தயங்கினார். போடுங்கள் என்று இரண்டாம் முறை கத்தினேன். போட்டார்கள்.

சோறு பன்னிரண்டு மணிக்குச் சுரங்கத்துக்குப் போயிற்று. மேலே கூழ், நடுவில் வேகாத அரிசி, மொத்தத்தில் மண்ணெண்ணெய் வாடை. பசியோடு நின்றவர்கள் ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பினார்கள். ஒரு லாரி நிறைய ஆட்கள் சேறும் தண்ணீருமாகக் கேன்டீனுக்கே வந்துவிட்டார்கள். அடுப்பு பார்ப்பது யார் என்று கேட்டார்கள். அக்கா முன்னால் போய் நின்றார். பம்ப் செக்‌ஷன் ஃபிட்டர் ஒருவர் தன் தட்டை அவர் காலடியில் விசிறி எறிந்தார். இத்தனைக்கும் நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை. அவர்கள் போனபின் அக்கா குனிந்து தரையில் கிடந்த சோற்றை ஒவ்வொரு பருக்கையாகத் திரட்டி எடுத்தார். யாரும் உதவவில்லை, நானும்தான்.

மறுநாள் விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. வரைபடத்தை நம்பினேன், தவறிவிட்டேன் என்று எழுதியிருக்கலாம். திட்டியிருப்பார்கள், அத்தோடு முடிந்திருக்கும். நான் ஆங்கிலத்தில் இப்படி எழுதினேன்: அடுப்புப் பணியாளரின் கவனக்குறைவால் விறகு மழையில் நனைந்துவிட்டது. ஒரே வாக்கியம். விறகு ஒரு துளி மழையிலும் நனையவில்லை. கூரைக்கு அடியில் அவரே அடுக்கி, தார்ப்பாயும் போட்டு வைத்திருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் கேன்டீன் கான்ட்ராக்ட் ஆட்களில் சிலரைப் பர்மனென்ட் ஆக்குவதற்கான பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. பர்மனென்ட் என்ற சொல்லுக்கு அங்கே என்ன எடை என்று இப்போது விளக்குவது கடினம். குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், ஓய்வுபெறும் வயதுவரை நாளை என்ற கவலையில்லாத வாழ்க்கை, எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருந்தது. பட்டியலில் அக்காவின் பெயர் மூன்றாவதாக இருந்தது. என் அறிக்கைக்குப் பிறகு அது அடிக்கப்பட்டது.

அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டிய அன்று அவர் என்னிடம் வந்து, தன் பெயர் இல்லையே என்று கேட்டார். ஆபீஸில் ஏதோ குழப்பம், அடுத்த முறை பார்க்கலாம் என்றேன். என் இரண்டாவது பொய். மறு வருடம் இன்னொரு பட்டியல் வந்தது. அதிலும் அந்தக் கவனக்குறைவு என்ற சொல் அவரைத் தடுத்தது. அப்போதும் நான் பேசவில்லை.

ஆனால் விறகு விஷயத்தில் மட்டும் ஒழுங்காக இருந்தேன். புளியை நிறுத்தினேன், அவர் கேட்ட விறகையெல்லாம் கேட்ட விகிதத்தில் இறக்கினேன். அடுப்புகள் பழையபடி அவர் கைக்குப் போயின. சோறு தப்பாமல் நேரத்துக்குப் போயிற்று, விறகுச் செலவும் குறைந்தது. எப்படிச் செய்கிறீர்கள் என்று மற்ற கேன்டீன்களிலிருந்து கேட்டு வந்தார்கள். பிடிக்க முந்திரி, கொதிக்கச் சவுக்கு, நிற்க வேலிக்காத்தானும் காய்ந்த புளியும் என்று அவர் செய்ததை அப்படியே எழுதி, என் பெயரைப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு வருடம் கழிந்ததும் அதற்காக எனக்குக் கேடயம் ஒன்று கொடுத்தார்கள்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு சமையற்கூடத்துக்குள் வந்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். அக்காவும் கையிலிருந்த விறகைக் கீழே வைத்துவிட்டு, கரி படிந்த கைகளால் தட்டினார். அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

அன்று பிற்பகலே விறகுக் கொட்டகையில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கட்டை அடுக்குவதை நிறுத்தவில்லை.

"தெரியும் சார்" என்றார். "நீங்க எழுதுன வாரமே தெரியும். ஆபீஸ்ல டீ குடுக்கற பெரியவரு எங்க ஊரு பக்கந்தான்."

"தெரிஞ்சும் ஏன் என்னைக் கேக்கல?"

"கேட்டா என்னா சொல்லியிருப்பீங்க?"

என்ன சொல்லியிருப்பேன் என்று எங்கள் இருவருக்குமே தெரியும். இரண்டு வருடமாக, தன்னைக் காட்டிக்கொடுத்தவனுக்கு நேரத்தில் சோறாக்கிக் கொடுத்து, அவனுக்குக் கேடயமும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அறிக்கையைத் திருத்தி எழுதப்போகிறேன் என்றேன். எழுதுங்கள் என்றார். ஆனால் காகிதம் ஆபீஸில் போய் உட்கார்ந்துகொள்ளும், அன்றைக்குத் தன்மேல் கத்தியவர்களுக்கு அது தெரியப்போவதில்லை, அதனால் அவர்கள் எதிரில் படிக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைத்தார்.

பணியாளர் பிரிவு அதிகாரி நல்ல மனிதர். மூடிய கோப்பை ஏன் கிளறுகிறீர்கள், பதவி உயர்வுப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறது என்று எடுத்துச் சொன்னார். தெரிந்துதான் கொடுக்கிறேன் என்று சொல்லிக் கடிதத்தை நீட்டினேன். அந்த வாரமே பம்ப் செக்‌ஷன் ஆட்கள் பகல் சாப்பாட்டுக்கு வந்திருந்த நேரம் பார்த்து, அதைத் தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்தின் நடுவில் நின்றேன். விறகு நனையவில்லை, அந்த விறகைத் தேர்ந்தெடுத்தது நான், கொதி வராத தண்ணீரில் அரிசியைப் போடச் சொன்னது நான், அறிக்கையில் எழுதியது பொய் என்று படித்தேன்.

அந்த ஃபிட்டர் எழுந்தார்.

"அக்கா, அன்னைக்குத் தட்டை வீசினது நான்தான்" என்றார்.

"தெரியும். பொறுக்குனது நான்தான?" என்றார் அக்கா.

ஃபிட்டர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தார். முடிந்தது என்று நினைத்து நான் தாளை மடித்தேன். அக்கா அசையவில்லை.

"நீங்க படிச்சது சரிதான் சார். ஒண்ணு வுட்டுட்டீங்க. ஈரமா இருக்குன்னு நான் முன்னாடியே சொன்னன். பொட்டிய ஒடைக்கலாம்னு சொன்னன். தெரியாம நடந்துபோச்சின்ற மாதிரி எழுதிக்கினு வந்திருக்கீங்க."

நண்பர்களே, குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போதும் மனிதன் தனக்கு ஓர் ஓரத்தை ஒதுக்கிக்கொள்வான். நான் அறியாமல் தவறியவனாக என்னை எழுதிக்கொண்டிருந்தேன். எச்சரிக்கப்பட்டவனாக எழுதவில்லை. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியாமல் விழுந்ததல்ல. அங்கேயே ஒரு மேசைமேல் தாளை வைத்து, அந்த இரண்டையும் எழுதிச் சேர்த்தேன். அக்கா என் வார்த்தையை நம்பாமல் ஃபிட்டரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். அவர் சத்தமாகப் படித்து முடித்ததும், சரி என்று தலையசைத்துவிட்டு அடுப்புக்குப் போனார். தம் போட்ட சோறு இறக்க வேண்டியிருந்தது.

மாலையில் அந்த வரிகளை ஆபீஸ் பிரதியிலும் சேர்த்தேன். அதனால் குற்றச்சாட்டின் தன்மை மாறியது. தவறான முடிவு என்று போயிருக்க வேண்டியது, தெரிந்தே செய்ததாக ஆயிற்று. பதவி உயர்வு போயிற்று. பிறகு அது வரவேயில்லை. நான் மேற்பார்வையாளனாகச் சேர்ந்து மேற்பார்வையாளனாகவே ஓய்வு பெற்றவன். உங்களில் சிலர் அதை விசித்திரமாகப் பார்க்கிறீர்கள், அதனால் சொல்லிவைக்கிறேன்.

அவருக்கு நான் செய்யக்கூடியது என்று என் அதிகாரத்துக்குள் ஒன்று இருந்தது. எந்த விறகு லாரியும் அவர் தட்டிப் பார்த்து, பின்பலகையில் கரிக்கோடு போட்ட பிறகே இறங்கும் என்று எழுத்தில் உத்தரவு போட்டேன். முதல் லாரிக்காரர், இந்தம்மா என்ன எஞ்சினியரா என்று கேட்டார். அக்கா லாரியைத் திருப்பச் சொன்னார். அது திரும்பிப் போனது. இயந்திரப் பெட்டிகளைக் கழித்துக் கட்டவும் ஓடி ஓடி உத்தரவு வாங்கி, ஒரு அடுக்கைக் கேன்டீனுக்கே கொண்டுவந்து வைத்தேன்.

தணிக்கைக்கு வந்தவர் கரிக்கோடு உத்தரவைப் பார்த்துவிட்டு, கான்ட்ராக்ட் பெண் சொல்வதைக் கேட்டு லாரியைத் திருப்ப எந்த விதியில் இடமிருக்கிறது என்றார். விதியில் இல்லை, அதனால்தான் உத்தரவாகப் போட்டிருக்கிறேன் என்றேன். அவரைக் கொட்டகைக்கு அழைத்துப்போனேன். அக்கா இரண்டு கட்டைகளை எடுத்து அவர் கையில் கொடுத்துத் தட்டிப் பார்க்கச் சொன்னார். அவர் காதுக்கு இரண்டும் ஒன்றுபோலவே கேட்டன. அக்கா இரண்டையும் பிளந்து காட்டினார். ஒன்று உள்ளே வெளுத்துக் காய்ந்திருந்தது, மற்றதில் ஈரம் கசிந்தது. அவர் ஒன்றும் எழுதாமல் போனார்.

அடுத்த ஐப்பசியில் மறுபடி சுரங்கத்தில் தண்ணீர் ஏறியது. மறுபடி அதே தொலைபேசி. அன்று நான் எந்த முடிவும் எடுக்கவில்லை, எவ்வளவு பேருக்கு, எத்தனை மணிக்கு என்பதை மட்டும் அக்காவிடம் சொன்னேன். பெட்டிப் பலகை முதலில், அதன்மேல் முந்திரி, அதன்மேல் சவுக்கு. அரை மணியில் ஐந்து அண்டாவும் தளதளவென்று கொதித்தன. சொன்ன நேரத்துக்குக் கால் மணி முன்பாகவே ஆவி பறக்கப் போயிற்று சோறு. என் பணிக்காலத்தில் நான் அதிகம் பெருமைப்பட்டது அந்தக் காலையைப் பற்றித்தான். அதில் என் பங்கு, வாயை மூடிக்கொண்டிருந்தது.

அதன்பின் பட்டியல் ஒன்று வந்தது. இம்முறை முதல் பெயராக அவரை எழுதினேன். கோப்பில் இப்போது எந்தக் கறையும் இல்லை. பணியாளர் பிரிவு அதிகாரி அதை எடுத்துப் பார்த்துவிட்டு, பிறந்த வருடத்தைச் சுட்டிக்காட்டினார். வயது வரம்பைப் பத்து மாதம் தாண்டியிருந்தது. நான் ஒவ்வொரு மேசையாகப் போனேன். எல்லோரும் இரக்கப்பட்டார்கள். யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சைக்கிளை எடுத்துக்கொண்டு கம்மாபுரத்துக்குப் போனேன். அவர் வீட்டு வாசலில் நெல் புடைத்துக்கொண்டிருந்தார். எழுந்து முறத்தை வைத்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா, வயது தாண்டிவிட்டதாம் என்றேன்.

"எம் வயசு எனக்குத் தெரியும் சார்" என்றார். "நீங்க பேசாம இருந்தீங்களே ரெண்டு வருசம், அதுலதான் தாண்டிச்சி."

கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். நான் கொண்டுபோயிருந்த மன்னிப்பு வார்த்தைகள் எதையும் வாயில் எடுக்கவில்லை. அவர் மறுநாள் காலை ஷிப்டுக்கு வந்தார், அடுப்பைப் பற்றவைத்தார்.

இன்னும் ஒன்பது வருடம் கான்ட்ராக்டிலேயே வேலை பார்த்தார். அந்த ஒன்பது வருடத்தில் ஒரு ஷிப்டுகூடச் சோற்றுக்குக் காத்திருக்கவில்லை. பர்மனென்ட் ஆட்கள் ஓய்வு பெற்றால் எங்கள் ஊரில் மாலை போட்டு, கம்பெனி வண்டியில் ஏற்றி, குவார்ட்டர்ஸ் வாசல்வரை கொண்டுபோய் விடுவார்கள். எனக்கும் செய்தார்கள். அவர் கடைசி நாளில் வண்டி கேட்டேன், கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அந்த வழக்கமில்லை என்றார்கள். சமையற்கூடத்தில் இருந்த நாங்கள் அத்தனை பேரும், அடுப்பை அணைத்துவிட்டு, அவரோடு பஸ் நிறுத்தம்வரை நடந்தோம். அந்த ஃபிட்டரும் வந்தார். பஸ் வந்ததும் அக்கா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். யார் சாயங்கால உலைக்கு இருக்கிறார்கள் என்று மாஸ்டரிடம் கேட்டார். யாரும் இல்லை என்று தெரிந்ததும், "எல்லாரும் இங்க வந்து நின்னுகினு என்னா பண்றீங்க, போங்க" என்று எங்களை விரட்டினார். நாங்கள் திரும்பி ஓடினோம்.